தொகுதிக்கு ஓட்டுக் கிடையாது

என் தாய்மாமாவிடம் குடிக்க ஏதாவது கேட்டால் உடனே கிடைக்காது.

"மோரு இருக்குது, எளநி இருக்குது, பானைத் தண்ணி இருக்குது. மொதல்ல எது, அது இல்லீன்னா அடுத்தது எது, வரிசையாச் சொல்லு மாப்ளே" என்பார். வெயிலில் நடந்து வந்தவன் "ஏதாச்சுங் குடுங்க மாமா" என்றால் அவர் முகம் வாடிவிடும். "ஏதாச்சும்ங்கறது ஓட்டே இல்லை. எலக்சன் அன்னிக்கு ஊட்டுல படுத்துத் தூங்கறவன் பேசற பேச்சு அது."

இதற்குள் அத்தை ஒரு சொம்பு மோரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருப்பாள். அந்த வீட்டில் ஜனநாயகம் மாமாவின் கையிலும் ஆட்சி அத்தையின் கையிலும் இருந்தன.

பெருமாட்டிக்குக் கிழக்கே, எல்லையை ஒட்டி இருந்தது அவருடைய தென்னந்தோப்பு. அந்தப் பக்கத்துக் கோழிகள் தமிழ்நாட்டில் மேய்ந்துவிட்டு வந்து கேரளத்தில் முட்டையிடும். மனிதர்களும் ஏறக்குறைய அப்படித்தான். கொங்குத் தமிழில் சண்டை போட்டு, மலையாளத்தில் மனு எழுதி, கோயமுத்தூரில் துணி எடுப்போம். ஊரில் மாமாவுக்கு 'ஓட்டுக்காரர்' என்று பேர். புதிதாக வருகிறவர்கள் ஓட்டுக்காரர் வீடு எது என்று விசாரித்து, ஓடு வேய்ந்த வீடுகளை எல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டுக் கடைசியில்தான் அவருடைய ஓடே இல்லாத மெத்தை வீட்டுக்கு வந்து சேர்வார்கள்.

அவருக்கு வசந்தாமணி என்று ஒரு மகள். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்த வருஷம் மூன்று பேர் களத்தில் இருந்தோம். 'இருந்தோம்' என்று எழுதும்போதே விஷயம் வெளியாகிவிட்டது. மூவரில் ஒருவன் நான். மாமாவின் ஓட்டுப் பைத்தியம் எத்தகையது என்று தெரியாதவர்களுக்கு அந்த விவகாரம் வெறும் குடும்பத் தகராறாகத்தான் படும். அதனால் பைத்தியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அது அவரைப் பிடித்தது ரேடியோ வழியாக. எழுபதுகள் பிறப்பதற்குச் சற்று முன்னால் ஒரு ஜனாதிபதித் தேர்தல். முதல் விருப்ப ஓட்டில் யாருக்கும் பாதிக்கு மேல் தேறவில்லை, இரண்டாவது விருப்ப ஓட்டுகளை எண்ணித்தான் முடிவு சொன்னார்கள். மாமா அதைக் கேட்டுவிட்டு, சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு எழுந்து வாசலுக்குப் போய் நின்றுவிட்டாராம். என் அம்மா சொல்லியிருக்கிறாள். பொண்டாட்டி ஓடிப்போன சேதி கேட்டவனாட்ட நின்னாரு என்பாள்.

"ரெண்டாவது விருப்பம்னு ஒண்ணு இருக்குது. நம்மகிட்ட அதை ஒருத்தனும் சொல்லலை" என்று அன்றைக்குத் தொடங்கினார். "எம்.பி.க்கும் எம்.எல்.ஏ.வுக்கும் ஒண்ணு ரெண்டு மூணுன்னு எழுதற சீட்டு. நமக்கு ஒரே ஒரு குத்து. அவிக எலையில சோறு, கொழம்பு, ரசம், மோரு. நமக்கு ஒரே உருண்டை. தின்னுட்டு எந்திரி."

அதன்பின் ஊர் வாயனசாலையில், அதாவது நூலகத்தில், உலகப் பார்லிமெண்டுகளைப் பற்றி மலையாளத்தில் கிடைத்ததை எல்லாம் படித்தார். அயர்லாந்து எங்கே இருக்கிறது என்று அவருக்குத் திட்டமாகத் தெரியாது. இலங்கைக்குக் கொஞ்சம் அந்தப் பக்கம் என்று நினைத்திருந்தார். ஆனால் அங்கே எப்படி ஓட்டு எண்ணுகிறார்கள் என்பது அத்துப்படி. சந்தேகம் வந்தால் என்னைக் கேட்பார். நான் பி.ஏ.வில் அரசியல் பாடத்தில் தோற்றுவிட்டு, அதே பாடத்தைப் பாரலல் காலேஜ் என்கிற ஒரு டுடோரியலில் நடத்திக்கொண்டிருந்தேன். இரண்டுக்கும் ஒரே தகுதி போதுமானதாக இருந்தது.

தேங்காய் வெட்டு நாளில் மாமாவின் வகுப்பு நடக்கும். கூடைகளை வரிசையாக வைத்து, "இந்தா, இது நெறஞ்சுது, ஜெயிச்சாச்சு. இனி இதுல விழுகற காயெல்லாம் வீண். அயர்லாந்துக்காரன் என்ன பண்றான்? வழியற காயை எடுத்து, அந்தக் காயி ரெண்டாவதா எந்தக் கூடையைச் சொல்லுச்சோ அதுக்கு மாத்தறான்" என்பார். கடைசிக் கூடையில் அடியில் நாலைந்து காய் கிடக்கும். "இது தேறாது. இதைக் கவுத்து, இருக்கற காயை மத்த கூடைக்குப் பிரிச்சு விடோணும். ஒரு காயி வீணாகப்படாது." மரத்திலிருந்து இறங்கி வந்தவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "அது சரீங், ஆகக்கூடி எத்தனை காயிங்?" என்று கேட்பார். மாமா காய்களை அதுவரை பதினாறு முறை இடம் மாற்றியிருப்பாரே தவிர எண்ணியிருக்க மாட்டார்.

ஜெர்மனிமேல் அவருக்குத் தனி மரியாதை. "அங்க ஒரு ஆளுக்கு ரெண்டு ஓட்டு. ஒண்ணு ஆளுக்கு, ஒண்ணு கட்சிக்கு. சம்பந்தம் பேசறப்போ மாப்பிள்ளையத் தனியா, குடும்பத்தைத் தனியாப் பாக்கறமல்லோ, அதாட்ட. கட்சிக்கு விழுந்த ஓட்டு நூத்துக்கு எத்தனையோ அத்தனை சீட்டு. ஏமாத்தே இல்லை."

இங்கிலீஷ்காரன் விட்டுப்போன நம் முறையை மட்டும் அவர் மன்னிக்கவே இல்லை. "அவன் எலக்சனை ரேக்ளாப் பந்தயம்னு நெனைச்சுட்டான் மாப்ளே. எந்த மாடு மூக்கை முன்னால நீட்டுதோ அதுக்குப் பரிசு. பந்தயத்துக்கு அது சரி. தோத்த மாட்டை நம்பி வீட்டுல ஆரும் மனுவோட ஒக்காந்திருக்கறதில்லை."

இந்த ஞானத்தை நாட்டுக்குக் கொடுக்க வழியில்லாததால் வீட்டுக்குக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைச் சமையலுக்குச் சனிக்கிழமையே தேர்தல். காலண்டர்த் தாளைக் கிழித்துச் சீட்டு. மார்க் முறை: முதல் விருப்பத்துக்கு மூன்று, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு ஒன்று. பிரான்சில் எவனோ கண்டுபிடித்தது என்பார். கோழிக் குழம்பு கோஷ்டியும் பருப்புக் கோஷ்டியும் ஒருவரை ஒருவர் கவிழ்ப்பதற்காகத் தக்காளி ரசத்தை இரண்டாவதாக எழுதுவார்கள். வாராவாரம் ரசம் ஜெயிக்கும். யாருமே ஆசைப்படாத ரசத்தை எல்லோரும் ஆளுக்கொரு முகத்தோடு குடிப்போம். "ஆருக்கும் வெறுப்பில்லை பாத்தியா" என்று மாமா மட்டும் பூரித்துப்போய் இரண்டாம் தரம் வாங்குவார். டெல்லியில் தேர்தலைத் தள்ளிப்போட்டு, ஊரே வாயை மூடிக்கொண்டிருந்த அந்த வருஷங்களிலும் மாமா வீட்டில் ஒரு சனிக்கிழமைத் தேர்தல்கூட நின்றதில்லை. பாரதத்தில் தடையில்லாமல் ஜனநாயகம் நடந்த ஒரே இடம் எங்கள் அத்தையின் அடுப்படி.

அந்த நாட்களில்தான் ஒருமுறை அவருடன் வண்டன்மேட்டுக்குப் போனேன். தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் அங்கே ஏலத்தோட்டத்தில் கணக்குப்பிள்ளை. வந்ததுதான் வந்தீர்கள், ஏலக்காய் ஏலம் விடுவதைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று கூட்டிப்போனார். எல்லா ஊரிலும் பொருளை ஏலம் விடுவார்கள், அங்கே ஏலத்தையே ஏலம் விடுகிறார்கள் என்று நான் ஒரு சிலேடை சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. நல்ல கூட்டம், நல்ல வாசனை. ஒரு குவியலுக்கு இருவர் விடாமல் மாறி மாறிக் கேட்டு, கடைசியில் ஒருவர் பெயரில் முடிந்தது. மாமா எழுந்து நின்றார்.

"ஏனுங்க, ரெண்டாவதாக் கேட்டவருக்கு என்னங்க?"

ஏலம் விட்டவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். "என்னது?"

"இவரு ஒரே ஒரு ரூவா அதிகமாக் கேட்டாரு, மொத்தமும் இவருக்கு. அவரும் கிட்டத்தட்ட அத்தனை கேட்டாருங்க. அவருக்கு ஒண்ணுமில்லீங்களா? ஒரு மூட்டையாச்சும்..."

"யோவ், என்ன வெளாடுதீரா? இது ஏலம்வே. இங்கன ரெண்டாவதுக்குன்னு ஒண்ணும் கெடையாது."

"அதைத்தானுங்க நானுஞ் சொல்றன். நம்ம பார்லிமெண்டு எலக்சனும் இதேதானுங்க."

எலக்சன் என்ற சொல்லைச் சத்தமாகச் சொல்லக்கூடாத காலம் அது. கணக்குப்பிள்ளை எங்கள் இருவர் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். கம்பம்மெட்டுக்கு வண்டி ஏற்றிவிடும்வரை அவர் பிடித்த கையை விடவில்லை. மாமா ஜன்னலோரம் உட்கார்ந்து, "ரெண்டாவதாக் கேட்டவரு மூஞ்சியப் பாத்தியா மாப்ளே" என்றார். நான் பார்த்திருக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் அந்த முகத்தைப் பார்த்தவர் அவர் ஒருவராகத்தான் இருந்திருப்பார்.

பிறகு எழுபத்தேழில் தேர்தல் வந்தது. எங்களுக்கு அன்று இரண்டு சீட்டு, ஒன்று பார்லிமெண்டுக்கு, ஒன்று சட்டசபைக்கு. மாமா பேனாவோடு போனார். பார்லிமெண்டுச் சீட்டில் முத்திரையைத் தொடாமல் எல்லாப் பெயருக்கும் எதிரே ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு, வெளியே வந்து வரிசையில் நின்றவர்களிடம் தானே சொன்னார். சட்டசபைச் சீட்டில் மட்டும் ஒழுங்காகக் குத்தினாராம். "மோட்டாருக்குக் கரண்டு அவிக கையில இருக்குதல்லோ."

செல்லாத ஓட்டுக்கு மலையாளத்தில் 'அசாது' என்று பேர். தமிழில் சாது என்றால் வாயில்லாப் பூச்சி. ஆகவே ஊரில் சேதி வேறு மாதிரிப் பரவியது. டீக்கடையில் ஒருவர், "ஏனுங்க, உங்க ஓட்டு அசாதுன்னு சொல்லிப்போட்டாங்களாமா? அப்பிடி என்னங்க பண்ணுச்சு அது?" என்று கவலையோடு விசாரித்தார்.

"நாந்தான் சாது. என்ற ஓட்டாச்சும் அசாதுவா இருந்துட்டுப் போகட்டும்" என்றார் மாமா.

அன்று சாயங்காலமே இரண்டு அணியின் ஆட்களும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். இருவரும் அவரைத் தங்கள் கணக்கில் வைத்திருந்தவர்கள்.

"நீங்களே இப்பிடிப் பண்ணலாமுங்களா? எங்களுக்கு ஒரு ஓட்டுப் போச்சுங்களே" என்றார் ஒருவர்.

"போகலை. உங்க ஆளுக்கும் நெம்பர் போட்டிருக்கறன்."

"எங்களுக்குங்?" என்றார் மற்றவர்.

"உங்களுக்கும்."

"ஆருக்குங்க ஒண்ணு?"

"அது ரகசியமுங்க" என்றார் மாமா. வந்த இருவரும் முதல் தடவையாக ஒருவரை ஒருவர் அனுதாபத்தோடு பார்த்துக்கொண்டார்கள்.

முடிவுகள் வந்தபோது மலையாளச் செய்தியில் நிமிஷத்துக்கு ஒருமுறை 'பூரிபட்சம்' என்றார்கள். பெரும்பான்மை என்று பொருள். அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்து, "எந்த ஊருலீங்க இத்தனை பூரி?" என்றாள். மாமா சிரிக்கவில்லை. வடக்கே அதுவரை ஆண்டவர்கள் வழித்துத் துடைக்கப்பட்டிருந்தார்கள். எங்கள் கேரளத்திலோ அதே அணிக்கு பார்லிமெண்டின் எல்லா இடமும், ஒன்று விடாமல். உலகமே அதிசயப்பட்ட இந்த இரண்டு முடிவுகளுக்கும் சேர்த்து மாமா துக்கம் காத்தார்.

"அங்க தோத்தவங்களுக்கு ஓட்டுப் போட்டவன் இல்லாமயா போயிட்டான்? இங்க தோத்தவங்களுக்குப் போட்டவனும் நம்ம பக்கத்துத் தோட்டத்துலயே இருக்கறான், காலைல பாத்தனே. பார்லிமெண்டுல மட்டும் ரெண்டு பேரும் இல்லை. இருக்கற ஆளை இல்லைன்னு சொல்றதுக்கு எதுக்கு எலக்சன்?"

நான் பி.ஏ.வில் இந்தக் கேள்விக்குத்தான் தோற்றேன்.

அந்தத் துக்கம் ஆறும் முன்பே வசந்தாமணியின் கல்யாணப் பேச்சு வந்தது. மூன்று பேர் என்று சொன்னேன். ஒருவர் பொள்ளாச்சியில் தேங்காய் மண்டி வைத்திருப்பவர். வீட்டில் கார் நிற்கும், பெண் பார்த்துவிட்டும் போய்விட்டார். இன்னொருவர் கோயமுத்தூரில் மில்லில் ஆபீஸ் வேலை. மாதம் பிறந்தால் சம்பளம். மூன்றாவது நான், அவளுக்கு அத்தை மகன், முறை மாப்பிள்ளை. மாமா என்னைத் தொட்டிலில் கிடந்தபோதிருந்து மாப்ளே என்றுதான் கூப்பிட்டார். அது வாக்குறுதி அல்ல, வெறும் கொங்கு நாட்டு வழக்கம் என்பது எனக்குப் பின்னால்தான் உறைத்தது. எனக்கு வசந்தாமணியைப் பிடிக்கும். அவளிடம் இதைச் சொன்னதில்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதியைத் தனியாக வேறு சொல்வானேன் என்று இருந்துவிட்டேன். எனக்கு இரண்டாவது விருப்பம் எதுவும் இருக்கவில்லை.

வீட்டில் தினமும் சண்டை. அத்தைக்குப் பொள்ளாச்சி. மாமாவின் தம்பிக்குக் கோயமுத்தூர். "நாட்டைத்தான் திருத்த முடியலை, ஊட்டையாச்சும் திருத்தலாம்" என்று மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் தோப்புக்கு வரச் சொன்னார். பால் கொண்டுபோகும் தூக்குப்போசிதான் ஓட்டுப்பெட்டி. மாமா தேர்தல் அதிகாரி. அதனால் அவருக்கு ஓட்டு இல்லை. வாக்காளர் ஒன்பது பேர். அத்தை, அவளுடைய தம்பி, தம்பி பெண்டாட்டி, பொள்ளாச்சியிலிருந்தே வந்த மருமகள், இவர்கள் ஒரு பக்கம். மாமாவின் தம்பி, அவர் மனைவி, மாமாவின் மூத்த பையன், இவர்கள் இன்னொரு பக்கம். என் பக்கம் என் அப்பாவும் அம்மாவும். அப்பாவைப் பற்றி எனக்குக் கடைசிவரை சந்தேகம் இருந்தது.

வேட்பாளர் மூவரில் அங்கே இருந்தவன் நான் மட்டும். மற்ற இருவருக்கும் தாங்கள் தேர்தலில் நிற்பதே தெரியாது.

சீட்டுக் கொடுக்கும்போது என் அம்மா கேட்டாள். "ஏனுங்ணா, புள்ளைக்கு ஓட்டு இல்லீங்களா?"

"எந்தப் புள்ளைக்கு?"

"வசந்தாமணிக்குங்."

மாமா அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "அவ தொகுதியம்மா. பாலக்காட்டுக்கு எம்.பி. ஆருன்னு பாலக்காட்டையா கேக்கறாங்க? பாலக்காட்டுல இருக்கற சனத்தைத்தான கேக்கறாங்க. தொகுதிக்கு ஓட்டுக் கிடையாது."

இது கேட்பதற்கு மிகச் சரியாக இருந்தது. நான்கூடத் தலையாட்டினேன். தொகுதி அப்போது வீட்டுக்குள் எல்லோருக்கும் சமைத்துக்கொண்டிருந்தது.

ஓட்டு விழுந்தது. மாமா கட்டிலில் சீட்டுகளைப் பரப்பினார். முதல் விருப்பம்: பொள்ளாச்சிக்கு நாலு, கோயமுத்தூருக்கு மூன்று, எனக்கு இரண்டு. அப்பா துரோகம் செய்யவில்லை.

"முடிஞ்சுதல்லோ, நாலுதான் அதிகம்" என்று அத்தை எழுந்தாள்.

"உக்காரு புள்ள. அது ரேக்ளாக் கணக்கு. அஞ்சு பேரு வேண்டாம்ங்கறாங்களே, அவிக எங்க போவாங்க?" என்ற மாமா, சட்டப்படி கடைசியில் இருந்தவனை நீக்கினார். அதாவது என்னை. நீக்கும்போது என் முகத்தைப் பார்த்து, "மனசுல வெச்சுக்காத மாப்ளே" என்றார். அப்பாவும் அம்மாவும் இரண்டாவதாகக் கோயமுத்தூரை எழுதியிருந்தார்கள். கூடை கவிழ்ந்து காய் மாறியது. கோயமுத்தூருக்கு ஐந்து, பொள்ளாச்சிக்கு நாலு.

மாமாவின் தம்பி துண்டை உதறித் தோளில் போட்டார். "பாதிக்கு மேல. அண்ணன் கணக்கு அண்ணன் கணக்குத்தான்."

"அப்ப என்ற தம்பி பொண்டாட்டியையுங் கூட்டிட்டு வந்தது எதுக்குங்க?" என்றாள் அத்தை.

மாமாவின் நேர்மை அவரைச் சும்மா விடவில்லை. "மார்க்கு முறைலயும் ஒருக்காப் பாத்தரலாம்" என்றார். அங்கேதான் பூகம்பம். பொள்ளாச்சி கோஷ்டி நால்வரும் கோயமுத்தூரைக் கவிழ்க்க என்னை இரண்டாவதாக எழுதியிருந்தார்கள். கோயமுத்தூர் கோஷ்டி மூவரும் பொள்ளாச்சியைக் கவிழ்க்க என்னை இரண்டாவதாக எழுதியிருந்தார்கள். கூட்டிப் பார்த்தால் அவர்களுக்குத் தலைக்குப் பதினேழு மார்க், எனக்கு இருபது.

மாமா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மற்றவர்களும் பார்த்தார்கள். சுருக்கமாகச் சொன்னால், நான் ரசம்.

அதற்குப்பின் அரைமணி நேரம் அந்தத் தோப்பில் பேசப்பட்டதை எந்தப் பார்லிமெண்டும் தாங்காது. அத்தைக்கு இங்கிலீஷ்காரனே உத்தமன். மாமாவின் தம்பிக்கு அயர்லாந்துதான் தர்ம தேசம். என் அம்மா, பிரான்ஸ் என்ற பேரை அன்றுதான் கேட்டவள், பிரான்ஸ்காரன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றாள். ஜெர்மனி முறையில் விகிதாசாரமாகப் பிரித்துக் கொடுத்தால் என்ன என்று மருமகள் கேட்டாள். பெண்ணைப் பிரித்துக் கொடுத்ததற்கு நம் புராணத்திலேயே முன்னுதாரணம் உண்டு, அது யுத்தத்தில் முடிந்தது என்று என் அப்பா அவளை அடக்கினார்.

"அப்ப எந்த முறைன்னு ஒரு ஓட்டு எடுத்தரலாம்" என்றார் அத்தையின் தம்பி.

"எந்த முறைல எடுக்கறது?" என்றார் மாமா.

மாமா நெற்றியைத் தேய்த்தார். இத்தனை வருஷம் எல்லா தேசத்துக் கணக்கையும் கரைத்துக் குடித்தவருக்கு ஒன்பது சீட்டு மூன்று மருமகன்களைக் கொடுக்கும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

வசந்தாமணி மோர்க் குடத்தோடு வந்திருந்ததை அப்போதுதான் பார்த்தோம். எப்போது வந்தாள் என்று தெரியாது. குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "அப்பா, நான் பொள்ளாச்சிக்காரரையே கட்டிக்கறனுங்க" என்றாள்.

மாமாவுக்குக் கோபம் வரவில்லை, கணக்குத்தான் வந்தது. "கண்ணு, அவனுக்கு நாலுதான். அஞ்சு பேருக்கு அவன் கடைசி விருப்பம். அஞ்சு பேருக்கு ஆகாத ஆளை..."

"அந்த அஞ்சு பேரும் இங்கயேதானுங்க இருப்பாங்க. பொள்ளாச்சிக்குப் போறது நானுங்க."

என் அப்பா இருமினார். மாமாவின் தம்பி தோளில் போட்ட துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒருக்காத்தான பாத்திருக்கற அவனை" என்றார் மாமா.

"ஒருக்காத்தானுங்க. பொண்ணுப் பாக்க வந்தன்னிக்கு நீங்க அவருகிட்டயும் சீட்டு நீட்டுனீங்க. மிச்சரு, முறுக்கு, வாழப்பழம், வரிசை போடுங்கன்னு. அவரு சீட்டை மடிச்சு ஜோப்புல வெச்சுக்கிட்டு மூணையும் எடுத்துத் தின்னுட்டாருங்க."

"அதுக்கு?"

"எனக்குச் சிரிப்பு வந்துருச்சுங்ப்பா. இந்த ஊட்டுல அப்பிடித் தின்னு நான் ஆரையும் பாத்ததில்லீங்க."

சொல்லும்போதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள். அந்தச் சிரிப்பை நான் சின்ன வயதிலிருந்து அறிவேன். என்னை நினைத்து அவள் அப்படிச் சிரித்ததாக ஞாபகம் இல்லை.

மாமா கட்டிலில் கிடந்த ஒன்பது சீட்டையும் கூட்டி ஓரமாக வைத்தார். பிறகு மிச்சம் இருந்த காலண்டர்த் தாளில் ஒரு சீட்டுக் கிழித்து, பேனாவோடு அவளிடம் நீட்டினார். "இந்தா, எழுது."

"அதுதான் சொல்லிட்டனுங்களே."

"சொன்னதை எண்ண முடியாது கண்ணு. எழுது."

அவள் தென்னை மரத்தில் தாளை வைத்து எழுதி, மடித்துப் போசிக்குள் போட்டாள். மாமா மூடி போட்டு, விதிப்படி நன்றாகக் குலுக்கினார். உள்ளே ஒற்றைச் சீட்டு சரசரத்தது. வெளியே எடுத்துப் பிரித்து, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"ஒண்ணு, பொள்ளாச்சி. ரெண்டு, ஆருமில்லை. மூணு, ஆருமில்லை."

பிறகு என் பக்கம் திரும்பினார். தோற்ற வேட்பாளருக்குச் சட்டம் தருகிற உரிமை ஒன்று உண்டு. அதை அவர் யாருக்கும் மறுத்ததில்லை.

"மறுபடி எண்ணோணுமா, மாப்ளே?"

"வேண்டாமுங் மாமா" என்றேன்.

"அப்ப முடிவு சொல்லிரலாம்" என்றார். ஆனால் சொல்லவில்லை. போசி மூடியின் உட்புறத்தைத் துண்டின் முனையால் துடைக்க ஆரம்பித்தார். அதில் துடைப்பதற்கு ஒன்றும் இல்லை. வசந்தாமணி எல்லோருக்கும் மோர் ஊற்றி முடிக்கும்வரை துடைத்துக்கொண்டே இருந்தார்.